புகை கட்டிய வீடு

இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடு என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரு நாட்காட்டிப் படம்தான். கறுப்பு மரச்சட்டம், வெள்ளைச் சுவர், கூரையின் நடுவில் செங்கல் புகைபோக்கி, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகை. அழகான படம். ஆனால் அந்த வீடு தென்கிழக்கு இங்கிலாந்தில் 1400-களில் கட்டப்பட்டதாக இருந்தால், படத்தில் இருக்கும் புகைபோக்கி பெரும்பாலும் பிற்காலத்துச் செருகல். மரத்துக்குக் கறுப்பு அடிக்கும் பழக்கமும் பெருமளவில் 19-ஆம் நூற்றாண்டின் நாகரிகம். ஓக் மரத்தை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். கென்ட் பகுதியின் பழைய வீடுகள் அந்த நிறத்தில்தான் இருந்தன.

புகைபோக்கி இல்லாத அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள்? புகைபோக்கி வந்தபிறகு என்ன ஆனது? இதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வீடு போதும். அதன் பெயர் பேலீஃப்.

1960-களின் பிற்பகுதியில் கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டன் என்ற ஊருக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக மாற்றும் வேலை நடந்தது. இன்றைக்கு பௌ பீச் நீர்த்தேக்கம் என்று அதற்குப் பெயர். அந்தத் திட்டத்தில் சிக்கிய பழைய பண்ணைக் கட்டடங்களில் பேலீஃப் ஒன்று, விங்க்ஹர்ஸ்ட் இன்னொன்று. வேறு காலமாக இருந்தால் இடித்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். ஆனால் அதே சமயத்தில் சசெக்ஸில் ராய் ஆம்ஸ்ட்ராங் என்பவர் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். கிராலி என்ற ஊரைப் புதிய நகரமாக விரிவாக்கியபோது பழைய மரச்சட்ட வீடுகள் இடிபடுவதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். காப்பாற்ற வழியில்லாத கட்டடங்களையாவது பிரித்து எடுத்து வேறோர் இடத்தில் நிறுத்துவோம் என்று சிலரோடு சேர்ந்து அவர் ஆரம்பித்ததுதான் வீல்டு அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம். சிங்கிள்டன் என்ற ஊரில் எட்வர்ட் ஜேம்ஸ் என்ற செல்வந்தர் தன் பண்ணை நிலத்தில் இடம் கொடுத்தார். 1970-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். பேலீஃப் 1968-69-இல் பிரிக்கப்பட்டு, நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, 1972-இல் அங்கே மறுபடி எழுந்து நின்றது.

வீட்டைப் பிரிப்பதா என்று வியக்க வேண்டாம். பிரிக்கும்படியாகத்தான் அது கட்டப்பட்டது. அந்தக் கதை பிறகு வருகிறது.

கூரைக்குள் இருக்கும் கரி

இந்தப் பகுதியின் பழைய வீடுகளை ஆராய்பவர்கள் முகப்பை அவ்வளவாக நம்புவதில்லை. ஏணி போட்டுக் கூரைக்குள் ஏறிவிடுவார்கள். கீழே எல்லா வீடும் ஒன்று போலத்தான் தெரியும்: தரைத்தளம், மாடி, நடுவே செங்கல் அடுப்பு. மேலே போனால் விஷயம் வேறு. கூரையின் நடுப்பகுதியில் உள்ள கைமரங்கள் மட்டும் கன்னங்கரேல் என்று கரி படிந்து கிடக்கும். இரண்டு ஓரங்களிலும் உள்ள மரங்கள் சுத்தமாக இருக்கும். மாடி அறைக்கும் மேலே, அடுப்பே இல்லாத இடத்தில், எங்கிருந்து வந்தது இந்தக் கரி?

ஒரு காலத்தில் நடுவில் மாடியே இல்லை என்பதுதான் பதில். தரையிலிருந்து கூரையின் உச்சி வரை ஒரே வெட்டவெளி. அதற்கு ஹால் என்று பெயர். தரையின் நடுவே நெருப்பு எரியும். புகை மேலே ஏறிக் கூரைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, ஓடுகளின் இடுக்கு வழியாகவும், கூரையின் இரு முனைகளில் விட்டிருக்கும் முக்கோணத் திறப்புகள் வழியாகவும் மெல்ல மெல்ல வெளியேறும். தலைமுறை தலைமுறையாக எரிந்த நெருப்பின் கணக்கு அந்தக் கைமரங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. செங்குத்தான மரக்கம்பிகள்தான். குளிருக்கு மரப்பலகையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியது. ஆங்கிலத்தில் ஜன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’ என்ற சொல் வட ஐரோப்பியரின் பழைய மொழியிலிருந்து வந்தது. அதற்குக் ‘காற்றின் கண்’ என்று பொருள். தமிழிலும் ‘காலதர்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கண்ணாடி வருவதற்கு முன்னால் இரு மொழிக்காரர்களும் ஜன்னலை ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு சிக்கல். புகை தலைக்கு மேலே போக வேண்டுமானால் ஹாலின் மேல் மாடி போட முடியாது. எனவே மாடி அறைகளை வீட்டின் இரண்டு கோடிகளிலும்தான் கட்ட முடியும். பேலீஃபில் அப்படித்தான். ஒரு கோடியில் கீழே இரண்டு சரக்கறைகள், மேலே ஓர் அறை. மறு கோடியில் கீழே ஓர் அறை, மேலே வீட்டுக்காரரின் படுக்கை அறை. நடுவில் ஹால். ஆக ஆறு அறைகள். இரண்டு மாடி அறைகளுக்கும் இடையே மேலே வழியே இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் இறங்கி, ஹாலைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். ஆக, வீட்டில் யாருடைய நடமாட்டமும் மற்றவர் கண்ணில் படாமல் இருக்காது!

சரக்கறைகளில் ஒன்றின் பெயர் ‘பட்டரி’. வெண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. பீர் முதலான பானங்களை வைக்கும் பெரிய பீப்பாய்க்கு ‘பட்’ என்று பெயர். அது இருக்கும் அறை பட்டரி. இன்னொன்று ‘பேன்ட்ரி’. ரொட்டியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. குடிப்பதற்கு ஓர் அறை, தின்பதற்கு ஓர் அறை, அவ்வளவுதான். இந்தச் சரக்கறைப் பக்கம்தான் வீட்டின் கீழ்முனை. வாசல் அங்கே இருக்கும். முன்வாசலுக்கு நேர் எதிரே பின்வாசல். எதிர்முனை மேல்முனை. குடும்பத் தலைவரின் மேசை அங்கே, சுவரை ஒட்டிப் போட்டிருக்கும். பண்ணை ஆட்களும் வேலைக்காரப் பெண்களும் குழந்தைகளும் அதே கூரையின் கீழ், அதே நெருப்பின் சூட்டில், அதே புகையில் சாப்பிட்டார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் பேதம் உண்டு. ஆனால் வேறு அறை கிடையாது.

வீட்டின் வெளித்தோற்றமும் இதிலிருந்தே பிறக்கிறது. இரு கோடிகளிலும் மாடி அறைகள் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஹாலுக்கு மாடி இல்லை என்பதால் அதன் சுவர் நீட்டாமல் நேராக மேலே போகும். ஆனால் கூரை மட்டும் ஒரே கூரை. ஆகவே நடுப்பகுதி உள்வாங்கியது போலவும், அதற்கு மேலே கூரை விளிம்பைத் தாங்கும் நீண்ட உத்திரம் அந்தரத்தில் ஓடுவது போலவும், வளைந்த கைகள் அதைத் தாங்குவது போலவும் தெரியும். இந்த வகைக்கு வீல்டன் ஹால் வீடு என்று பெயர். வடக்கிலும் தெற்கிலும் உள்ள சுண்ணக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் காடடர்ந்த களிமண் பூமிதான் வீல்டு. ஓக் மரத்துக்கு அங்கே பஞ்சமில்லை.

யார் கட்டினார்கள்?

இதெல்லாம் பிரபு வீடல்ல என்பதுதான் முக்கியம். நிலத்தை உழுது வாழ்ந்த, ஓரளவு வசதியான விவசாயியின் வீடு. 1348-49-இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட அளவில் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்களுக்கு நிலம் மிஞ்சியது. ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது. கூலியை ஏற்றக்கூடாது என்று 1351-இல் சட்டம் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அதிலும் கென்ட் பகுதியில் பண்ணையடிமை முறை மற்ற இடங்களை விட மிக முன்பே இல்லாமல் போயிருந்தது. மூத்த மகனுக்கே எல்லாம் என்ற வழக்கத்துக்கு மாறாக, நிலத்தை மகன்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அருகிலேயே லண்டன் சந்தை. துணி நெசவும் வளர்ந்தது. இப்படிக் கையில் சேர்ந்த காசுதான் இந்த வீடுகளாக நின்றது. ஒரு பேரழிவுக்குப் பிறகு பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் கட்டிய வீடுகள் என்று இவற்றைச் சொன்னால் தப்பில்லை.

தச்சர்களின் வேலை முறை இன்னும் சுவாரசியம். மரத்தை வருடக்கணக்கில் காயவைத்துக் கட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். இல்லை. ஓக் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி, உளி இறங்காது. வெட்டிய பச்சை மரத்தையே செதுக்கினார்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்கு போலச் செதுக்கி, இன்னொன்றில் துளை போட்டு, அதில் செருகி, குறுக்கே ஓக் முளையை அடித்து இறுக்குவார்கள். இரும்பு ஆணிக்கு அங்கே வேலை இல்லை. மரம் காயக் காயச் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, மூட்டுகள் இன்னும் இறுகும். பழைய வீடுகள் கோணல் மாணலாக நிற்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

சட்டங்களை முதலில் தரையில் படுக்க வைத்துத்தான் பொருத்திப் பார்ப்பார்கள். எந்தத் துளைக்கு எந்த நாக்கு என்று குழம்பாமல் இருக்க, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண்களைக் கீறிவைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வீடு கட்டும் இடத்துக்குக் கொண்டுபோய், எண்ணைப் பார்த்து நிமிர்த்துவார்கள். சட்டங்களுக்கு நடுவில் வரிச்சுக் கட்டி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசினால் சுவர் தயார். 1968-இல் வந்தவர்கள் செய்தது இதையே தலைகீழாக. 500 வருடங்களுக்கு முந்தைய தச்சனின் முறை, தண்ணீரிலிருந்து அந்த வீட்டைக் காப்பாற்றியது.

இரண்டு வயதுள்ள வீடு

பேலீஃப் ஒரே நாளில் கட்டிய வீடு மாதிரிதான் தோற்றம் தருகிறது. மரத்தின் வளையங்களைக் கேட்டால் வேறு சொல்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் விழும். இந்த வரிசையைத் தேதி தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டால் மரம் வெட்டிய காலம் தெரியும். பட்டை வரை மரம் இருந்தால் ஆண்டையே சொல்லலாம். தச்சன் வெளிப்புறத்தைச் செதுக்கி எடுத்திருந்தால் ஒரு கால இடைவெளியைத்தான் சொல்ல முடியும். பேலீஃபில் ஹாலும் சரக்கறைப் பக்கமும் 1405-க்கும் 1430-க்கும் இடையில். மேல்முனை அறைகள் 1505-க்கும் 1510-க்கும் இடையில். அதாவது இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஏறத்தாழ நூறு வருடம்!

முதல் ஹால் கட்டியபோது மேல்முனையில் என்ன இருந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழும். பழைய கட்டடம் ஒன்றை இடிக்காமல் அப்படியே பயன்படுத்தியிருக்கலாம். எதுவானாலும், நூறு வருடம் கழித்து வந்த தலைமுறையும் அதே பழைய பாணியில், முன்னால் நீட்டிய மாடியோடு, ஒரே கூரையின் கீழ் வருகிற மாதிரி கட்டியிருக்கிறது. படுக்கை அறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கழிப்பிடமும் உண்டு. ஒரு விவசாயி வீட்டு மாடியில் கழிப்பிடம் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல.

பிறகுதான் புகைபோக்கி வந்தது. எசெக்ஸ் மாவட்டத்தில் ராட்வின்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577-இல் வெளியான தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கள் காலத்தில் மிகவும் மாறிப்போனவை என்று ஊர்ப் பெரியவர்கள் மூன்று விஷயங்களைச் சொன்னார்களாம். அதில் ஒன்று, எங்கு பார்த்தாலும் முளைத்துவிட்ட புகைபோக்கிகள். மற்ற இரண்டு: படுக்கை வசதி கூடியது, மரத் தட்டுக்குப் பதில் உலோகத் தட்டு வந்தது.

இதை ஒரு பெரிய அலையாகப் பார்த்தவர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ். 1953-இல் எழுதிய கட்டுரையில், 1570-லிருந்து 1640 வரை இங்கிலாந்தின் கிராமங்கள் புதிதாகக் கட்டப்பட்டன என்றார். காரணம் முழுக்கப் பொருளாதாரம். 16-ஆம் நூற்றாண்டில் தானியத்தின் விலையும் மற்ற விலைகளும் பல மடங்கு ஏறின. ஆனால் பல விவசாயிகளின் குத்தகைத் தொகை பழைய ஒப்பந்தப்படி அசையாமல் நின்றது. வரவு ஏறுகிறது, முக்கியமான ஒரு செலவு ஏறவில்லை. நடுவில் நிற்கும் லாபம் எங்கே போகும்? செங்கல்லாகவும் கண்ணாடியாகவும் வீட்டில் போய் உட்கார்ந்தது. பின்னாளில் 1977-இல் ஆர். மேச்சின், தேதி பொறித்த வீடுகளைக் கணக்கெடுத்து, அலை 1640-இல் ஓயவில்லை, உச்சமே அதற்குப் பிறகுதான் என்று மறுத்தார். காலக்கணக்கில் மேச்சின் பக்கம் வலு அதிகம். ஆனால் விலைக்கும் குத்தகைக்கும் நடுவில் வீட்டைக் கண்டுபிடித்த ஹாஸ்கின்ஸின் பார்வை இன்னும் பழசாகவில்லை.

புகைபோக்கி வந்ததும் அரசும் வந்தது. 1662-இல் அடுப்பு வரி. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங், இரண்டு தவணையாக. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. எண்ணிப் பார்க்க வீட்டுக்குள்ளேயே ஆள் நுழைந்ததால் மக்களுக்கு அந்த வரி மீது அவ்வளவு வெறுப்பு. 1689-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வரிப் பட்டியல்கள் மிஞ்சின. எந்த ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை அடுப்பு என்று இன்றைய ஆய்வாளர்களுக்குக் கணக்குக் கொடுப்பது அன்று திட்டு வாங்கிய அந்தப் பட்டியல்கள்தான்.

வீட்டுக்குள் என்ன ஆனது? புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும், ஹாலின் உயரத்துக்கு வேலை இல்லாமல் போனது. குறுக்கே உத்திரம் போட்டு மாடி இறக்கினார்கள். மேலே இன்னும் ஓர் அறை கிடைத்தது. இரண்டு கோடி மாடிகளும் முதல்முறையாகச் சேர்ந்தன. ஓர் அடுப்பில் சமையல், இன்னொரு அடுப்பில் குடும்பத்தார் குளிர் காய்வது என்று நெருப்பே இரண்டாகப் பிரிந்தது. நெருப்பு பிரிந்ததும் ஆட்களும் பிரிந்தார்கள். எல்லோரும் சேர்ந்து உண்ட இடமாக இருந்த ஹால் படிப்படியாகச் சுருங்கி, இன்றைய ஆங்கிலேய வீடுகளில் குடையும் கோட்டும் மாட்டும் வாசல் இடைவழிக்குப் பெயராகிவிட்டது. சுத்தமான காற்று எல்லோருக்கும் கிடைத்தது. பண்ணை ஆளுக்கு எஜமானின் மேசை தூரமாகிப் போனது. இரண்டும் ஒரே செங்கல் தூணால் நடந்தவை.

எந்த வீட்டை நிறுத்துவது?

இனி சிங்கிள்டனுக்குத் திரும்பலாம். மரங்கள் வந்து இறங்கிவிட்டன. எந்த பேலீஃபைக் கட்டுவது? 1430-இன் வீடா, 1510-இன் வீடா, புகைபோக்கியும் நடுமாடியும் வந்த பிற்கால வீடா, 1968-இல் பிரித்த வீடா? ஒன்றுக்கு மேல் நிறுத்த முடியாது. புகைபோக்கிகளையும் பிற்காலச் சேர்க்கைகளையும் விட்டுவிட்டு, திறந்த ஹாலோடு நிறுத்தினார்கள். மரத்தில் இருந்த துளைகளையும் பள்ளங்களையும் பார்த்து, மறைந்துபோன ஜன்னல்களையும் சுவர்களையும் திரும்பக் கொடுத்தார்கள். 1980-களின் இறுதியில், 1540 வாக்கில் ஒரு விவசாயக் குடும்பம் வைத்திருக்கக்கூடிய மேசை, பெஞ்சு, கட்டில், பெட்டி எல்லாவற்றையும் அந்தக் கால முறைப்படி செய்து உள்ளே வைத்தார்கள். தோட்டமும் வேலியும் கூட உண்டு.

1540 என்பது நல்ல தேர்வுதான். இரண்டு பகுதிகளும் சேர்ந்துவிட்ட, இன்னும் ஹால் திறந்தே இருந்த காலம் அது. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. 1540-க்குப் பிறகு 400 வருடங்களுக்கு மேல் அந்த வீட்டில் பிறந்து, சமைத்து, செத்துப்போனவர்களின் வீடு இப்போது இல்லை. பழைய கட்டடங்களை ‘முதல் நிலைக்கு’த் திருப்புவதே அழிவு வேலை என்று சொல்லித்தான் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையின் ஒட்டுவேலையும் வரலாறுதான் என்பது அவர் கட்சி. மாரிஸ் பேலீஃபைப் பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு அந்த இடத்திலேயே விட்டிருந்தால் வீடே இருந்திருக்காது என்பதும் உண்மை.

இப்படித் தேர்ந்தெடுப்பதில் தவறும் நேரும். அதே பள்ளத்தாக்கிலிருந்து வந்த விங்க்ஹர்ஸ்டை முதலில் ஒரு சிறிய தனி வீடு என்று எண்ணி நிறுத்தினார்கள். பிறகு நடந்த ஆய்வில் அது வீடே அல்ல, ஒரு பெரிய வீட்டை ஒட்டி இருந்த சமையல் கட்டு என்ற முடிவுக்கு வந்தார்கள். மறுபடி பிரித்து, 2002-இல் வேறோர் இடத்தில் சமையல் கட்டாகவே நிறுத்தினார்கள். தவறைத் திருத்த வழி இருந்ததற்குக் காரணம், கழற்றி மாட்டக்கூடிய அந்தப் பழைய மூட்டுகள்!

பேலீஃபில் இன்றும் தரை நடுவே நெருப்பு மூட்டிக் காட்டுகிறார்கள். புகை மேலே ஏறுகிறது. அதே அருங்காட்சியகத்தில் பாப்லர் காட்டேஜ் என்ற 17-ஆம் நூற்றாண்டுக் குடிசை இருக்கிறது. அதில் புகையைக் கூரையின் ஒரு பகுதிக்குள் மட்டும் தடுத்துவைத்திருக்கிறார்கள். புகைபோக்கிக்கு முந்தைய படி அது. அங்கேயே பென்டீன் என்ற பண்ணை வீடும் உண்டு. 1609-இல் கட்டியது, கட்டும்போதே நடுவில் செங்கல் புகைபோக்கி, முழு மாடி. ஜன்னலுக்கு மட்டும் அப்போதும் கண்ணாடி இல்லை. பேலீஃபிலிருந்து பென்டீனுக்கு நடந்துபோனால், பேலீஃப் இழந்த அடுத்த அத்தியாயம் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். பேலீஃபின் சொந்தப் புகைபோக்கி மட்டும் எந்த வீட்டிலும் இல்லை. அந்த வீட்டோடு அது சிங்கிள்டனுக்கு வரவில்லை.